எங்கே கோடு கிழிப்பது?

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு தொடங்குகிறது. ஜூஜூவாடியைத் தாண்டியதும் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள். விடியற்காலையில் அங்கே நின்று பாருங்கள். முதல் ஷிப்டுக்குச் செல்லும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு ஓசூரின் முகமே மாறிவிட்டது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் இவ்வூரிலிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்டின் ஆலையும் டைட்டன் கைக்கடிகார ஆலையும் அந்தப் பத்தாண்டில் இங்கு எழுந்தவையே. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி, உதிரி பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் ஏராளமாக உள்ளன.

அத்தகைய பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரம் ஓட்டும் என் பழைய மாணவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். முகம் வாடியிருந்தது.

"சார், எங்கள் பட்டறையில் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். 'தொழிலாளர் கவனக்குறைவை ஒழிப்போம், இவ்வாண்டு ரிஜெக்ஷன் பூஜ்யம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. ரிஜெக்ஷன் குறையவில்லை. தள்ளப்பட்ட பீசுக்கெல்லாம் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நான் கவனமாகத்தான் ஓட்டுகிறேன். தவறு எங்கே என்று தெரியவில்லை" என்றார்.

தவறு அந்தச் சுவரொட்டியிலேயே இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் உடனே நம்ப வேண்டாம். ஒரு வேலையைச் சீர்திருத்தப் புகுமுன், எந்த வேலையை, எதிலிருந்து எதுவரை, எவ்வளவு சீர்திருத்தப் போகிறோம் என்று வரையறுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். தொழிற்சாலைக்கு உரிய செய்தியாகத் தோன்றினாலும், இதன் வேர் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலில் இருக்கிறது.

கதவு திறந்த குளிர்பெட்டி

ஒரு கேள்வி. கோடைக்காலத்தில் சமையலறையின் சன்னல்களையும் கதவையும் அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

குளிரும் என்றே பலரும் விடை கூறுவர். உண்மையில் அறை சூடேறும். குளிர்பெட்டி தன் உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தைப் பின்புறக் குழாய்களின் வழியாக அதே அறையில்தான் விடுகிறது. அத்துடன், அதை இயக்கச் செலவாகும் மின்னாற்றலும் வெப்பமாக மாறி அங்கேயே சேர்கிறது. பெட்டியின் உட்புறத்தை மட்டும் கருதினால் குளிர்ச்சி. அறை முழுவதையும் கருதினால் வெப்பம். இரண்டு விடைகளுக்கும் காரணம், நாம் மனத்தில் கிழித்துக்கொண்ட கோடு.

வெப்பவியலில் எந்தக் கணக்கையும் தொடங்குமுன் 'அமைப்பு' எது, 'சுற்றுப்புறம்' எது என்று பிரித்துக்கொள்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ளது எல்லை. எல்லை தெரியாமல் வெப்பம் உள்ளே வந்தது, வெளியே போனது என்று பேசுவதில் பொருளில்லை.

தொழிலிலும் இதே நிலைதான். உள்ளே ஏதோ ஒரு பொருள் வருகிறது. வரிசையாகச் சில வேலைகள் நடக்கின்றன. வேறொரு பொருளாகி அது வெளியே போகிறது. இவ்வரிசையைச் செயல்முறை என்கிறோம். அரிசியும் உளுந்தும் இட்லியாவது ஒரு செயல்முறை. இரும்புக் கம்பி வண்டியின் தண்டாவதும் ஒரு செயல்முறையே. இதனை மேம்படுத்துவோர் முதலில் அமைப்பின் எல்லையைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், குளிர்பெட்டியின் உட்புறத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தவரின் கதையாகிவிடும். வாடிக்கையாளருக்குத் தவறான தண்டு ஒன்றுகூடப் போகாமலிருக்க, வாசலில் ஒருவரை உட்கார வைத்துத் தவறானவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். வாடிக்கையாளரின் புகார் பூஜ்யமாகிவிடும். ஆனால் பட்டறையின் மூலையில் பழைய இரும்புக் குவியல் முன்போலவே உயரும். பொறுக்குபவரின் கூலி வேறு அதனுடன் சேரும். சுற்றுப்புறத்துக்குத் தள்ளிய இழப்பை மேம்பாடு என்று கூற முடியாது.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம்

என் மாணவர் காட்டிய கணக்கை இங்கே வெளியிடுவது முறையன்று. ஆகவே அதனைப் போன்ற ஒரு பட்டறையை நாமே கற்பனையாக அமைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

இப்பட்டறையில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டுகளைக் கடைகிறார்கள். விட்டம் 19.980 முதல் 20.020 மில்லிமீட்டர் வரை இருந்தால் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். இதற்குக் குறைந்தாலும் கூடினாலும் தள்ளிவிடுவார். மாதம் 12,000 தண்டுகள் போகின்றன. அவற்றில் 480, அதாவது 4 சதவீதம், திரும்பி வருகின்றன.

முதலாளி கூட்டம் போட்டு, "தரம் உயர வேண்டும், மின்செலவு குறைய வேண்டும், சரக்கு நேரத்துக்குப் போக வேண்டும், பட்டறை சுத்தமாக இருக்க வேண்டும்" என்கிறார். நான்கும் நல்லவையே. ஆனால் நான்கையும் ஒரே திட்டமாகத் தலையில் ஏற்றினால், எதை முதலில் தொடுவது என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை தரம், செவ்வாய்க்கிழமை மின்சாரம் என்று அலைந்து, மாதக் கடைசியில் பட்டறையைப் பெருக்கித் துடைத்ததோடு திட்டம் முடிந்துவிடும்.

இதற்கு மாற்று என்ன? முதலில் அந்த 480 தண்டுகளையும் வகை பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது இது என்று கொள்வோம்: விட்டம் குறைந்தவை 300. விட்டம் கூடியவை 40. மேற்பரப்பில் கீறல் விழுந்தவை 90. மற்றவை 50. ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை ஒரே வகை! தொந்தரவுகள் பலவாகத் தோன்றினாலும், பெரும்பகுதி சிலவற்றிலேயே குவிந்து கிடப்பது தொழிற்சாலைகளில் அடிக்கடி காணும் உண்மை. ஆகவே முதல் திட்டம் 'விட்டம் குறைதல்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கீறல் பிறகு.

உள்ளே எது, வெளியே எது?

இனி எல்லை. நான்கு கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதிக்கொண்டால் எல்லை தானே தெளிவாகும்.

முதலாவது, செயல்முறை எங்கே தொடங்குகிறது? கம்பி கடைசல் இயந்திரத்தில் மாட்டப்படும்போது. இரண்டாவது, எங்கே முடிகிறது? கடைந்த தண்டு அளந்து தட்டில் வைக்கப்படும்போது. மூன்றாவது, எவற்றைச் சேர்க்கவில்லை? கம்பி வாங்குவது, வெப்பப் பதம் செய்வது, லாரியில் ஏற்றுவது ஆகியவை சேரா. நான்காவது கேள்வி மிக முக்கியமானது. கோட்டுக்குள் இருப்பவற்றை மாற்ற இத்திட்டத்தில் உள்ளோருக்கு அதிகாரம் உண்டா?

நான்காவது கேள்வியின் அருமை எல்லைப்புறத்தாருக்கு எளிதில் விளங்கும். 2017-ஆம் ஆண்டு வரை மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்தன. லாரிகள் அங்கே காத்துக் கிடக்கும். ஓசூர்ப் பட்டறை ஒன்று அந்நாளில் "பெங்களூருக்குச் சரக்கு போகும் நேரத்தைப் பாதியாக்குவோம்" என்று திட்டமிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? நேரத்தின் ஒரு பகுதி சாவடியில் கழிந்தது. சாவடியைப் பட்டறையார் மாற்ற முடியாது. அவர்களால் முடிந்தது, ஆர்டர் வந்ததிலிருந்து லாரி வாசலைத் தாண்டும் வரையுள்ள நேரத்தைக் குறைப்பதுதான். கோட்டை அங்கேதான் கிழித்திருக்க வேண்டும். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அச்சாவடிகள் நீக்கப்பட்டன. அதனைச் செய்தவர் பட்டறையார் அல்லர். தம் கைக்கு எட்டாததைத் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்பவர், மழைக்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்திடும் உழவரைப் போன்றவர்.

எல்லை மிகப் பெரிதாக இருந்தால் வேலை முடியாது. மிகச் சிறிதாக இருந்தாலும் ஆபத்துதான். "இரவு ஷிப்டில் இரண்டாம் இயந்திரத்தை ஓட்டுபவர்" என்று கோட்டைச் சுருக்கினால், காரணம் பகல் ஷிப்டிலோ இயந்திரத்திலோ இருக்கும்போது அது நம் கண்ணிலேயே படாது. வைக்கோற்போரின் ஒரு மூலையில் மட்டும் ஊசியைத் தேடி, இல்லை என்று முடிவு கட்டுவதற்கு இது சமம்.

இலக்கு என்பது ஓர் அளவு

எல்லை குறித்தாகிவிட்டது. இனி இலக்கு. "தரத்தை உயர்த்துவோம்" என்பது வாழ்த்து. அது இலக்கு ஆகாது. இயற்பியலில் ஓர் அளவைக் கூறும்போது எண், அலகு, பிழை மூன்றையும் கூறுகிறோம் அன்றோ? இலக்குக்கும் அவை வேண்டும். நம் பட்டறையின் இலக்கை இவ்வாறு எழுதலாம்:

"விட்டம் குறைந்ததால் தள்ளப்படும் தண்டுகள் இப்போது மாதம் 12,000-க்கு 300. இதனைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் 60-க்குக் கொண்டு வருவோம். இதனால் விட்டம் கூடிய தண்டுகள் 40-க்கு மேல் போகக்கூடாது. உற்பத்தி குறையக்கூடாது."

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். அவை காவல் வரிகள். விட்டம் குறைவதைத் தடுக்க எளிய வழி, எல்லாவற்றையும் சற்றுப் பருமனாகக் கடைவது. அப்போது ஒரு பக்கத்துத் தவறு மறுபக்கத்துக்குப் போகும். திறந்த குளிர்பெட்டியின் கதைதான் மீண்டும்! காவல் வரிகள் அதைத் தடுக்கின்றன.

"300-ஐ ஏன் 60 ஆக்க வேண்டும்? 270 ஆக்கினால் போதாதா?" என்று கேட்கலாம். இங்கேதான் பிழை பற்றிய அறிவு துணைக்கு வருகிறது. ஒரு கதிரியக்கப் பொருளிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வரும் துகள்களை எண்ணினால், எண்ணிக்கை ஒரே மாதிரி இராது. சராசரி 300 என்றால், அதன் வர்க்கமூலமான 17 என்பது இயல்பான ஏற்ற இறக்கத்தின் அளவு. இதைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 50 கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலாக இருக்கக்கூடும். தள்ளப்படும் தண்டுகளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பட்டறையில் ஏற்ற இறக்கம் இதனினும் கூடுதலாக இருக்கலாமே தவிரக் குறைவாக இருப்பது அரிது. ஆகவே எதையுமே மாற்றாவிட்டாலும், அடுத்த மாதம் 270 வரலாம், 330-உம் வரலாம். 270 வந்த மாதம் இனிப்பு வழங்கி, 330 வந்த மாதம் சம்பளத்தைப் பிடித்தால், இரண்டும் தற்செயலுக்குச் செய்த மரியாதையே. இலக்கு என்பது இயல்பான ஆட்டத்தைத் தெளிவாகத் தாண்டி நிற்க வேண்டும்.

பூஜ்யம் என்று ஏன் எழுதவில்லை? பூஜ்யம் விரும்பத்தக்கதே. ஆனால் போகும் வழி தெரியாமல் பூஜ்யத்தைச் சுவரில் எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும். மக்கள் அதனை நம்ப மாட்டார்கள். அல்லது தவறானவற்றை மறைக்கத் தொடங்குவார்கள். இரண்டாவதே கொடியது. மறைக்கப்பட்ட தவறை யாராலும் திருத்த முடியாது.

மணிகள் கற்பிக்கும் பாடம்

சுவரொட்டியில் இன்னொரு பெரிய பிழை உண்டு. "தொழிலாளர் கவனக்குறைவு" என்று காரணத்தை முன்கூட்டியே தீர்ப்பாக எழுதிவிட்டார்கள். ஆராயுமுன்பே தீர்ப்பு எழுதிய வழக்கில் உண்மை வெளிவருமா?

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் தம் வகுப்புகளில் ஒரு வேடிக்கைச் சோதனையைச் செய்து காட்டுவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு மட்டையைப் பெட்டிக்குள் விட்டு எடுத்தால் 50 மணிகள் வரும். வகுப்பில் உள்ள சிலரைத் 'தொழிலாளர்' ஆக்குவார். வெள்ளை மணிகளைத்தான் எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் தவறு. ஒருவருக்கு 6 சிவப்பு வரும். பாராட்டு! மற்றொருவருக்கு 14 வரும். கண்டிப்பு! அடுத்த முறை பாராட்டுப் பெற்றவருக்கே 13 வரும். "பாராட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது" என்பார் டெமிங். வகுப்பு சிரிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50-இல் ஐந்தில் ஒரு பங்கு 10. இதுவே சராசரி. திட்ட விலக்கம் 50-ஐ 0.2-ஆலும் 0.8-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 2.8. மூன்று மடங்கு விலக்கம் ஏறத்தாழ 8.5. ஆகவே 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது பெட்டியின் குணம். எடுத்தவரின் குணமன்று. சிவப்பைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியை மாற்ற வேண்டும். பெட்டியை மாற்றும் அதிகாரம் மட்டை பிடித்தவரிடம் இல்லை, மேலாளரிடம் இருக்கிறது.

உங்கள் வகுப்பிலேயே இதைச் செய்யலாம். பாசிமணிகள் போதும். மட்டை இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு 50 மணிகளை எண்ணி எடுங்கள். ஒருமுறை எடுத்தவற்றை மீண்டும் பெட்டியில் போட்டுக் கலக்கிவிட்டு அடுத்தவர் எடுக்கட்டும்.

ஓர் இயற்பியல் பரம்பரை

தற்செயலான ஆட்டத்தையும் காரணமுள்ள மாற்றத்தையும் பிரித்தறியும் இம்முறையை முதலில் வகுத்தவர் வால்ட்டர் ஷெவார்ட். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1924 மே 16-ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு அவர் எழுதிய சிறு குறிப்பில்தான் கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்தது. டெமிங்கும் கணித இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவரே. நம் நாட்டில் புள்ளியியலுக்கு வித்திட்ட மகாலனோபிஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். 1931-இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பின்பேரில் ஷெவார்ட் 1947–48-இல் இந்தியாவுக்கு வந்தார். இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைதானே என்று கேட்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

டெமிங் 1950-இல் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் இம்முறைகளைக் கற்பித்தார். நன்றியின் அடையாளமாக ஜப்பானியர் 1951-இல் டெமிங் பரிசை ஏற்படுத்தினர். 1998-இல் சென்னைப் பாடியைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு அப்பரிசைப் பெற்றது. இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது அதுவே. 2002-இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றது.

இப்பரிசின் தேர்வுமுறையில் நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய ஒரே மாதிரியைத் தேர்வாளர் விதிப்பதில்லை. விண்ணப்பிக்கும் நிறுவனம் தன் நிலைமையைத் தானே ஆராய்ந்து, தனக்குரிய பொருளையும் இலக்கையும் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு வகுத்தது பொருத்தமானதா, அதை அடையச் செய்த வேலை முறையானதா என்பதே பார்க்கப்படும். அதாவது, கோட்டைச் சரியான இடத்தில் கிழித்தீர்களா என்பதும் தேர்வின் ஒரு பகுதி!

பெரிய நிறுவனத்தின் இலக்கு அப்படியே இயந்திரம் ஓட்டுபவரிடம் வந்து சேர்வதில்லை. 'வாடிக்கையாளர் புகாரைக் குறைத்தல்' என்பது நிறுவனத்தின் இலக்கு. அது 'எஞ்சின் பகுதியில் வரும் புகாரைக் குறைத்தல்' என்று ஒரு துறைக்கு இறங்குகிறது. இன்னும் இறங்கி, 'இந்தத் தண்டின் விட்டக் குறைவை 300-லிருந்து 60 ஆக்குதல்' என்று ஒரு குழுவின் கைக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் கோடு சுருங்குகிறது, ஆனால் மேலுள்ள இலக்கோடு உள்ள தொடர்பு அறுவதில்லை.

காரணம் எங்கே ஒளிந்திருந்தது?

நம் பட்டறைக்குத் திரும்புவோம். விட்டம் குறைந்த தண்டுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எப்போது கடையப்பட்டது என்று குறித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை புதிய வெட்டுளி, அதாவது பட்டறை வழக்கில் 'டூல்', மாற்றிய முதல் ஒரு மணி நேரத்தில் கடைந்தவை. எந்த ஷிப்டு, எந்த ஆள் என்பதில் வேறுபாடு இல்லை.

டூல் தேயத் தேயத் தண்டின் விட்டம் கூடும். ஆகவே புதிய டூலை மாட்டும்போது, தேய்மானத்துக்கு இடம் விட்டு, கீழ் எல்லைக்குச் சற்று மேலே வருமாறு அமைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். 19.985 மில்லிமீட்டர் என்று அமைக்கிறார்கள். அளந்து பார்த்தால் 19.985 சரியாக இருக்கிறது. எல்லைக்குள்தான். பிறகு எப்படிக் குறைகிறது?

கடைந்து முடிந்த தண்டு சூடாக இருக்கிறது! அறை வெப்பநிலை 25 டிகிரி, தண்டு 55 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். எஃகின் நீள்விரிவு எண் டிகிரிக்கு ஏறத்தாழ 0.000012. எனவே 20 மில்லிமீட்டர் விட்டம் 30 டிகிரி குளிரும்போது சுருங்கும் அளவு:

20 × 0.000012 × 30 = 0.0072 மில்லிமீட்டர்.

சூட்டில் 19.985 காட்டிய தண்டு, வாடிக்கையாளரின் மேசையில் 19.978 காட்டும். எல்லையாகிய 19.980-க்குக் கீழே போய்விட்டது! அளந்தவரும் பொய் சொல்லவில்லை, தள்ளியவரும் பொய் சொல்லவில்லை. பொறியியல் நீளங்களுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலையை 1931-இலேயே உலக அளவில் ஏற்றுக்கொண்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். இந்த 0.007 அதன் கண்ணுக்கு எட்டாது. ஆகவே இலக்கை வகுக்கும்போதே, அதை அளக்கும் கருவி நம்மிடம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. முதல் சில தண்டுகளை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு அளந்து, அதன்பின் டூலை அமைப்பது. அல்லது சூட்டில் அளப்பதானால் சுருங்கும் அளவைக் கூட்டி 19.992-க்கு அமைப்பது. விட்டம் கூடிய தண்டுகள் 40-க்கு மேல் போகின்றனவா என்பதைக் காவல் வரி கவனித்துக்கொள்ளும்.

சுவரொட்டியின்படியே போயிருந்தால் இக்காரணம் என்றாவது வெளிப்பட்டிருக்குமா? கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிட்டபின் வெப்பமானியை யார் தேடுவார்? எல்லையும் இலக்கும் சரியாக எழுதப்பட்டதால்தான், தேட வேண்டிய இடம் ஒரு பட்டறை முழுவதிலிருந்து ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

ஒரு தாளில் ஆறு வரி

என் மாணவரும் நானும் அன்று மாலை ஒரு தாளில் ஆறு வரிகள் எழுதினோம். எந்தத் தொந்தரவு? (காரணத்தையும் ஆளையும் குறிப்பிடாமல்.) எங்கிருந்து எங்குவரை? எது சேராது? இப்போது எவ்வளவு, எப்போதைக்குள் எவ்வளவு? எது கெட்டுப்போகக் கூடாது? மாற்றும் அதிகாரம் யாருக்கு? அவர் பட்டறைக்குரிய விடைகளை அவரே நிரப்பினார். பலவற்றுக்கு அவரிடம் எண் இல்லை. "முதலில் ஒரு மாதம் எண்ணத்தான் வேண்டும் போலிருக்கிறது, சார்" என்றார். அது அவர் கண்டுபிடித்த முதல் உண்மை. அத்தாளைச் சூப்பர்வைசரிடம் காட்டப் போவதாகச் சொல்லி எடுத்துச் சென்றார்.

இந்த ஆறு வரிகள் தொழிற்சாலைக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டு மின்கட்டணத்தைக் குறைக்க நினைக்கிறீர்களா? பள்ளிக்குத் தாமதமாக வருவதைத் திருத்த வேண்டுமா? கணக்கில் மதிப்பெண் உயர வேண்டுமா? "இனிமேல் நன்றாகப் படிப்பேன்" என்று சுவரில் எழுதாதீர்கள். சென்ற மூன்று தேர்வுத் தாள்களை எடுத்து, இழந்த மதிப்பெண்களை வகை பிரியுங்கள். சூத்திரம் தெரியாமல் இழந்தது எவ்வளவு, கூட்டல் கழித்தல் பிழையால் இழந்தது எவ்வளவு, நேரம் போதாமல் இழந்தது எவ்வளவு என்று எண்ணுங்கள். மிகப் பெரியதைச் சுற்றி ஒரு கோடு கிழியுங்கள். அதற்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் கொடுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் பட்டறைகளில் நாளை வேலைக்குச் செல்லப் போகிறவர்கள் உங்களில் பலர். சிலர் அங்கே மேற்பார்வையாளராகவும் முதலாளியாகவும் வரக்கூடும். அன்று உங்கள் முன் ஒரு சுவரொட்டி வரும். அதில் ஆளின் மேல் பழி எழுதியிருக்கிறதா, அளவு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழி எழுதியிருந்தால், அதனடியில் ஒருவருடைய சம்பளம் பிடிக்கப்படுகிறது என்பதை மறவாதீர்கள். அதை எடுத்துவிட்டு, ஆறு வரிகள் கொண்ட ஒரு தாளை அங்கே ஒட்டுங்கள்.